அக்காவின் ஊதா

மிளகாய் அரைத்துப் பூசினால் தொண்ணூறு நாளில் நியாயம் கிடைக்கும் என்பது ஆனைமலை மாசாணியம்மனைப் பற்றி ஊர் சொல்லும் கணக்கு. அந்த அம்மனின் பெயரையே வைத்திருந்த மாசாணியம்மாள் அரைத்துப் பூசி இருநூற்று எண்பது நாள் ஆகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. கோயிலில் அம்மன் படுத்த கோலத்தில் இருப்பவள். சூலூரில் தன் வீட்டில் மாசாணியம்மாளும் பாதி நாள் படுக்கைதான். "நீயும் படுத்துட்டே, நானும் படுத்துட்டேன். அப்பறம் யாருதான் எந்திரிச்சுப் போயிக் கேக்கறது?" என்று தினசரிக் காலண்டரில் இருக்கும் அம்மனை அவள் காலை எழுந்ததும் வாங்கு வாங்கென்று வாங்குவாள். அதன் பிறகுதான் காப்பி.

தங்கை எழில் அந்த வசவைக் கேட்டுக்கொண்டேதான் வேலைக்குக் கிளம்புவாள். அக்காவுக்காவது திட்டித் தீர்க்க ஒரு சாமி இருந்தது. எழிலுக்கு அதுவும் இல்லை. அவள் வயிற்றில் கிடந்தது வெறும் எரிச்சல்.

மாசாணியம்மாள் கோலப்பொடி விற்றவள். கல்மாவில் சாயம் கலந்து, தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்து, மொபெட்டில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். சிவப்பும் மஞ்சளும் எவரிடமும் கிடைக்கும். அவளுடைய ஊதாவுக்குத்தான் ஆள் காத்திருக்கும். காய்ந்த ஊதாவில் தங்க ஜிகினாத்தூளைத் தூவிப் பிசிறுவாள். மயில் கழுத்தில் வெயில் பட்ட மாதிரி மினுங்கும். கட்டுப்படியாகாது என்று மற்ற வியாபாரிகள் அந்த வேலைக்கே போவதில்லை.

போன வருடம் மார்கழி பிறக்க நாலு நாள் இருந்தது. பிளாட் போட்டு விற்காமல் கிடந்த காலியிடத்தில் தார்ப்பாய் விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஊதாப் பொடியைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். மண்மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மோட்டோகிராஸ் ரேஸ் பைக் பறந்து வந்து தார்ப்பாயின் நடுவில் இறங்கியது. அவளுடைய வலது காலின் மேல் ஏறிச் சாய்ந்தது. ஓட்டியவன் எழுந்தான். ஹெல்மெட்டிலிருந்து இடுப்பு வரை ஊதாவாக நின்று அவளைப் பார்த்தான். வண்டியைத் தூக்கி நிமிர்த்தினான், உதைத்தான், போய்விட்டான். அவள் கத்தியது அரை மணி நேரம் கழித்துத்தான் இன்னொருவர் காதில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

மோதியதைக்கூட மாசாணியம்மாள் விதி என்று விட்டிருப்பாள். நின்று பார்த்துவிட்டுப் போனானே, அதை அவளால் விட முடியவில்லை. எழிலாலும் முடியவில்லை.

எஸ்.ஐ. பத்மாவதி நாலு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரேஸ் வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது. அந்தப் பக்கம் கேமராவும் கிடையாது. "வண்டி கெடைச்சா மட்டும் ஒரு வார்த்தை சொல்லும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று தன் நம்பரை எழிலின் போனில் தானே பதிந்து கொடுத்தார்.

வண்டியைத் தேடத் தோதான இடத்தில்தான் எழில் இருந்தாள். திருச்சி ரோட்டில் ரசாக் பாயின் ஒர்க்‌ஷாப்பில் அவள் மெக்கானிக். காடு மேடு ஓடும் பைக்குகளுக்குச் சுற்று வட்டாரத்தில் அது ஒன்றுதான் கடை. வருகிற ஒவ்வொரு வண்டியையும் பதினொரு மாதமாகக் குனிந்து குனிந்து பார்த்தாள். ஃபோர்க்கில் கீறல் இருக்கிறதா, சக்கரக் கம்பியின் இடுக்கில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று. ஒன்றிலும் இல்லை. "கண்ணு, வண்டியைக் கழுவிப்போட்டா என்ன தெரியும்?" என்பார் ரசாக். அவள் அடுத்த வண்டிக்குக் குனிவாள்.

கார்த்திகை பாதியில் ஒரு வியாழக்கிழமை காலை, டெம்போவில் ஏற்றிய ஒரு பைக் வந்து இறங்கியது. கூடவே காரில் சபரீஷ் வந்தான். இருபத்து நாலு வயசு, மில்காரர் மகன், இன்ஸ்டாகிராமில் அறுபதாயிரம் பேர் பார்க்கிற ரைடர். பைக்கின் பிளாஸ்டிக் எல்லாம் புத்தம் புதுசு, ஆரஞ்சு.

"ஞாயித்துக்கிழமை ரேஸுங்க. ஸ்டார்ட் ஆகுது, ஆனா த்ராட்டில் குடுத்தா மூச்சுத் திணறுது. தோட்டத்துக் குடோன்லயே ரொம்ப நாள் நின்னுபோச்சு. இன்ஜெக்டர் அடைச்சிருக்கும், பாருங்க" என்றான்.

"ஏர் ஃபில்டரை மொதல்ல பாத்தர்றேனுங்க" என்றாள் எழில்.

"ஃபில்டர் கிட்டத்தட்டப் புதுசுங்க. அதைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போனான்.

மெக்கானிக்கிடம் தொட வேண்டாம் என்று சொன்னால் தொடாமல் இருப்பாளா? மூச்சுத் திணறுகிறவனுக்கு மூக்கைத்தானே முதலில் பார்க்க வேண்டும். பக்கத்து மூடியின் மூன்று போல்ட்டைக் கழற்றி, மூடியை ஒரு சாண் விலக்கி, டார்ச் அடித்தாள்.

ஃபில்டர் என்பது எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்சுக் குடுவை. வண்டி இழுக்கிற காற்றிலிருந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. பிடித்ததை அதுவாக விடாது. இந்த ஃபில்டர் பிடித்து வைத்திருந்தது ஊதா. விரலால் தொட்டால் அப்பமாகப் பெயரும் அளவுக்கு ஊதா. டார்ச்சை அசைத்தபோது அதற்குள் தங்கமாக மினுங்கியது.

அது அக்காவின் ஊதா. எழிலுக்குக் காது இரண்டும் சுட்டன. வெளியே எல்லாம் கழுவி, பிளாஸ்டிக்கெல்லாம் மாற்றி, பதினொரு மாதம் ஒளித்து வைத்தவன், வண்டிக்கு மூக்கு ஒன்று இருப்பதை மறந்துவிட்டான். தன் கையால் ஒரு நாளும் வண்டியைக் கழுவாதவன்தான் இப்படி மறப்பான்.

அவள் முதலில் நினைத்தது போலீஸை அல்ல. கதையில் வருகிறவர்கள் நல்லது நினைப்பார்கள், எழில் நினைக்கவில்லை. வாசலில் மணல் கொட்டிக் கிடந்தது. போய் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். ஃபில்டரை எடுத்துவிட்டு, இன்ஜினுக்குப் போகிற குழாய்க்குள் இதைப் போட்டால் போதும். அதுகூட வேண்டாம். புது ஃபில்டர் மாட்டும்போது விளிம்பில் கிரீஸ் தடவாமல், அது சரியாக உட்காராமல் கொஞ்சம் கோணலாக விட்டாலே போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றில், மண்மேட்டின் உச்சியில், இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவன் தலைகீழாக வருவான். எந்தக் காலில் வண்டி விழும் என்பதுவரை அவள் யோசித்தாள். வலது கால். அந்த யோசனை அவளுக்குச் சர்க்கரையாய் இனித்தது.

கையில் மணலோடு அவள் நின்ற நிலையை ரசாக் பார்த்துவிட்டார். வந்து மூடிக்குள் குனிந்து பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வருடம் ரத்தம் கொடுக்க ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

"மணலைக் கீழ போடு கண்ணு."

"ஏனுங் பாய், அவனுக்குப் பாவம் பாக்கறீங்களா?"

"பாவமா? அவன் விழுந்தா ஊரே பூங்கொத்து எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போவும். வீரன்னு போட்டோ போடுவாங்க. உங்க அக்காளைப் பத்தி எவன் பேசுவான்?"

அது சுருக்கென்று தைத்தது. விழுந்தால் அவன் பாவப்பட்டவன் ஆகிவிடுவான். அவன் பாவப்பட்டவன் ஆகக் கூடாது. இன்னொன்றும் தோன்றியது. இந்த ஃபில்டரை அவளே கழற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், அடிபட்டவளின் தங்கை வேண்டுமென்றே பொடியைப் பூசிக் கொண்டுவந்தாள் என்று மில்காரர் வைக்கிற வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். அவன் கையால்தான் அது வெளியே வர வேண்டும். அவன் வாயால்தான் அதற்குச் சாட்சி வர வேண்டும்.

மணலைக் கொட்டினாள். மூடியைப் பழையபடி பொருத்தி போல்ட்டை முறுக்கினாள். கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்து அவன் பக்கத்தைத் திறந்தாள். அவன் வீடியோக்களுக்குக் கீழே பாதிப் பேர் புகழ்ந்திருந்தார்கள், மீதிப் பேர் கிண்டலடித்திருந்தார்கள். 'தம்பிக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா? எல்லாம் மெக்கானிக் புண்ணியம்' என்று ஒருவன் எழுதியதற்கு ஆயிரம் லைக்.

அவள் இரண்டு போன் செய்தாள். ஒன்று எஸ்.ஐ. பத்மாவதிக்கு. இன்னொன்று அக்காவுக்கு. "ஆட்டோ புடிச்சு ஒர்க்‌ஷாப்புக்கு வா. எதுக்குன்னு கேக்காதே, வா."

சபரீஷ் பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது எழில் புது ஃபில்டர் ஒன்றை வெள்ளைத் துணியின் மேல் வைத்திருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் வெட்டப் போகிறவனிடம்கூட, கொஞ்சம் குனிஞ்சுக்குங்க என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள். எழிலும் ஒரு 'ங்க' குறையாமல் பேசினாள்.

"ஏனுங், எப்புடியும் ரேஸுக்கு முந்தி ஃபில்டர் மாத்தறது நல்லதுங்க. உங்க வீடியோ எல்லாம் பாப்பேனுங்க. சில பேரு உங்களுக்கு ஸ்பானர் புடிக்கத் தெரியாதுன்னு எழுதறாங்க, எனக்கே கோவமா வந்துது. நீங்களே கழட்டி மாட்டறதை லைவ்ல காட்டுனீங்கன்னா அவிய வாயை அடைச்சுப்போடலாம்ங்க. நான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கறேன்."

வாழைப்பழத்தில் ஊசி ஏறுகிற மாதிரி அந்தப் பேச்சு ஏறியது. சபரீஷ் தலையைக் கோதிக்கொண்டான். போனை ரசாக்கின் கையில் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினான். சிவப்பு எழுத்தில் லைவ் என்று வந்தது. ஐந்நூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று ஆள் கூடியது.

"வணக்கம் மக்களே! ரேஸ் வீக். இன்னிக்கு நம்ம வண்டிக்கு நம்மளே ஏர் ஃபில்டர் மாத்தப் போறோம்."

"இந்த ஃபில்டர் எப்பப் போட்டதுங்க?" என்று எழில் பக்கத்திலிருந்து கேட்டாள். குரலில் தேன்.

"போன டிசம்பர் பத்தாம் தேதி. என்ற பர்த்டே. அன்னிக்கே வீடியோ போட்டிருக்கேன், கீழ போய்ப் பாருங்க."

"அதுக்கப்பறம் நெறைய ஓட்டீட்டீங்களா?"

"எங்கிங்க! ஒரே ஒரு ரைடு. அந்த வாரமே குடோன்ல நிறுத்துனது. இன்னிக்குத்தான் வெளிய வருது. அதான் சொல்றேன், ஃபில்டர் புதுசாட்டமே இருக்கும்."

"ஃப்ரெண்டுக யாருக்காச்சும் ஓட்டக் குடுத்திருப்பீங்க."

"என்ற வண்டியையா? நாலு வருசத்துல ஒருத்தன் கையில குடுத்ததில்லை. எங்க அப்பா கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

எழிலுக்குப் போதும். மூன்று ஆணி. மூன்றையும் அவனே பிடித்து, அவனே அடித்துக்கொண்டான்.

"அப்பக் கழட்டுங்க" என்றாள்.

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்தபோது எழில் திருப்பிக் கொடுத்தாள். மூடியை எடுத்தான். உள்ளே பார்க்காமலே, முகத்தைக் கேமராவுக்குக் காட்டியபடி, நடுவிலிருந்த திருகைத் தளர்த்தி ஃபில்டரைப் பிடித்து இழுத்தான். "இதான் மக்களே ஃபில்டர்" என்று உயர்த்திக் காட்டினான்.

ஊதாப் பொடி அவன் முழங்கை வரை கொட்டியது. காலை வெயில் ஷட்டர் வழியாக நேரே அதன் மேல் விழுந்தது. ஜிகினா அத்தனையும் மினுங்கியது.

அவன் கையைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"எடுத்ததும் அந்தக் குழாய் வாயைத் துணி வெச்சு அடைக்கோணும்ங்க. இல்லீன்னா தூசி இன்ஜினுக்குள்ள போயிரும்" என்று எழில் வெள்ளைத் துணியை நீட்டினாள். வேலை என்றால் வேலை. அவன் கை பட்ட இடமெல்லாம் துணி ஊதாவானது. "ஏனுங், இது என்ன கலருங்க?"

"ஹோலி..." என்றான். "ஹோலிக்கு ஃப்ரெண்ட்ஸெல்லாம் கலர் போட்டு விளையாடுனோம்."

"ஹோலி மார்ச் மாசம் வருதுங்க. வண்டி டிசம்பர்லயே குடோனுக்குப் போயிருச்சுன்னு இப்பத்தான் சொன்னீங்க."

ஆயிரத்து இருநூறு பேர் நாலாயிரம் ஆகியிருந்தார்கள். சபரீஷ் ரசாக்கைப் பார்த்து, "கட் பண்ணுங்க பாய், கட் பண்ணுங்க" என்றான்.

"எனக்கு இதையெல்லாம் அமத்தத் தெரியாதுங் தம்பி" என்றார் ரசாக். அவர் பேத்தியோடு வாரம் மூன்று முறை துபாய்க்கு வீடியோ கால் பேசுகிறவர்.

அவன் போனைப் பிடுங்க எழுந்தான். அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு ஊன்றுகோல் தரையில் ஊன்றியது, பிறகு ஒரு கால், பிறகு இன்னொரு ஊன்றுகோல். மாசாணியம்மாள் தன் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் தங்கையைப் பார்க்கவில்லை, ரசாக்கைப் பார்க்கவில்லை. அவன் கையில் இருந்ததைத்தான் பார்த்தாள். எத்தனையோ மார்கழி அவள் விரலில் இருந்த நிறம் அது. தூரத்திலிருந்தே தெரிந்தது.

டக், டக் என்று வந்து அவன் முன்னால் நின்றாள். இரண்டு விரலால் ஃபில்டரைத் தடவி, கட்டை விரலில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் குழம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவள் போலக் கேட்டாள்.

"ஏனுங் தம்பி, கலரு புடிச்சிருக்குங்களா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஃபில்டர் மடியில் விழுந்து பேண்டெல்லாம் ஊதாவாயிற்று. "அக்கா... வேணும்னு பண்ணலீங்க்கா. பயந்துபோட்டேன்."

"நீங்க பயந்தது சரீங். நான் கெடந்து கத்துனேனே, அது உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

அவன் மடியில் கொட்டிய பொடியைத் தட்டினான். அவள் விடவில்லை. ஊன்றுகோலை இன்னும் ஒரு சாண் முன்னால் வைத்தாள்.

"கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க்கா" என்றான்.

ரசாக் போனை இறக்கவில்லை. எழில் அழவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது வேறு. பதினொரு மாதமாக இறங்காமல் நின்ற சோறு இறங்கிய மாதிரி, உடம்பெல்லாம் ஒரு நிறைவு. அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவன் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும் என்றுதான் இருந்தது.

கால் மணி நேரத்தில் எஸ்.ஐ. பத்மாவதி வந்தார். வரும் வழியிலேயே ஜீப்பில் லைவைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். ஃபில்டரை அவன் மடியிலிருந்து அவனையே எடுத்துக் கவரில் போடச் சொல்லி, சீல் வைத்தார். வெள்ளைத் துணி இன்னொரு கவரில். அதே டெம்போவில் பைக்கை ஏற்றினார்கள். "மேடம், அந்தக் குழாய் வாய் தொறந்தே கெடக்குதுங்க. துணி அடைக்கட்டுங்களா?" என்று எழில் கேட்டாள். பழக்க தோஷம். பத்மாவதி முறைத்த முறைப்பில் கையை இழுத்துக்கொண்டாள். புது ஃபில்டர் பிரிக்காமலே அலமாரிக்குப் போயிற்று.

அன்று மாலை வீட்டில் மாசாணியம்மாள் நாலு தோசை சாப்பிட்டாள். வண்டி மோதிய நாளிலிருந்து இரண்டைத் தாண்டியதில்லை. இடது கை விரலில் இருந்த ஊதாவை இன்னும் கழுவாமல், அந்தக் கையாலேயே தட்டைத் தள்ளி வைத்தாள்.

நியாயம் கிடைத்தால் அம்மனுக்கு எண்ணெய் சாத்த வேண்டும். பூசிய மிளகாயின் காந்தல் அம்மன் உடம்பில்தானே எரிகிறது. எண்ணெய் சாத்திக் குளிரப் பண்ணுவதுதான் முறை. எழிலுக்கு அது நினைவு வந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஆனைமலைக்குப் போலாமா? நல்லெண்ணெய் வாங்கீட்டு வாரேன்."

மாசாணியம்மாள் காலண்டரில் படுத்திருந்தவளைப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம் கண்ணு. அவனைப் புடிச்சுத்தான் இருக்குது, இன்னும் தீர்ப்பு வல்லீல்ல. மில்லுக்காரன் வக்கீலை வெப்பான், வாய்தா வாங்குவான், நாளை இழுப்பான். கோர்ட்டுல அவனுக்குத் தண்டனைன்னு சொல்லட்டும், அன்னிக்குக் கொடத்தோட எண்ணெய் ஊத்தறேன். அதுவரைக்கும் எரியட்டும். குளிர உட்டா மறுபடியும் தூங்கிப்போடுவா."